கூலி கேட்டால் கட்சிக்காரியா?

"மேடம், கேஸ் போட்டா நாங்க கம்யூனிஸ்ட் கட்சியில சேரணுமா?"

போன மாதம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் கேட்டது இது. மசாலாப் பொடி ஆலையொன்றின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார். கூடவே ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். அங்கே ஆண்களுக்கு நாள் கூலி 620 ரூபாய், இவர்களுக்கு 450. ஒரே மேஜை, ஒரே சீலிங் மெஷின், ஒரே ஷிஃப்ட். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்னாராம்: "இதெல்லாம் சிவப்புக் கொடிக்காரங்க பேச்சு. கொடி பிடிக்கணும்னா கேட்டுக்கு வெளிய போய்ப் பிடிங்க."

தொழிலாளர் வழக்குகளை நடத்துகிறவள் நான். இந்த வருடத்தில் மட்டும் இதே வசனத்தை நான்காவது முறையாகக் கேட்கிறேன். முதலாளி சொன்னால் போகட்டும், அவருக்கு அதில் லாபம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களே அதை நம்பி, "நமக்கெதுக்கு அரசியல்" என்று எழுந்து போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நம் அரசியலமைப்பின் 39(டி) பிரிவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதிய அவையில் கம்யூனிஸ்டுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கை 1951இல் வந்தது. 1958இல் இந்தியா அதை ஏற்றபோது பிரதமர் நேரு. சம ஊதியத்துக்கான அவசரச் சட்டம் 1975 செப்டம்பரில், நெருக்கடி நிலைக் காலத்தில், இந்திரா காந்தி அரசு கொண்டுவந்தது. மறு வருடம் அதுவே முழுச் சட்டமானது. அந்தச் சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்ட ஊதியத் தொகுப்புச் சட்டத்தை 2019இல் நிறைவேற்றியது பாஜக அரசு. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இதில் எந்த இடத்தில் ஐயா சிவப்புக் கொடி?

இதைச் சொன்னால் என் இடதுசாரி நண்பர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவர்கள் பங்கை நான் மறைக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் இருந்ததை ஆலை வாசலுக்கும் வயல் வரப்புக்கும் கொண்டுபோய்ப் பேசியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1954இல் தொடங்கிய இந்திய மாதர் தேசிய சம்மேளனமும், 1981இல் சென்னையில் உருவான ஜனநாயக மாதர் சங்கமும் இந்தக் கோரிக்கையை விடாமல் தூக்கிச் சுமந்தவை. இன்றும் அவர்கள் சொல்வதில் இரண்டு விஷயங்களோடு எனக்கு முழு உடன்பாடு.

ஒன்று, புதிய சட்டத்தில் தொலைந்துபோன வார்த்தைகள். பழைய சட்டத்தில் 1987இல் ஒரு திருத்தம் செய்து, பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பெண்ணிடம் பாகுபாடு கூடாது என்று சேர்த்திருந்தார்கள். புதிய தொகுப்பில் அந்த வார்த்தைகள் இல்லை. ஊதியமும் ஆள் எடுப்பும்தான் இருக்கின்றன. "வேலை நிபந்தனைகள்" என்ற சொல்லுக்குள் இதெல்லாம் அடங்கும் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம், வாதாடத்தான் போகிறோம். இருந்த வார்த்தையை எடுத்துவிட்டு வாதாடிக்கொள் என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்கள் விஷயம். மத்திய அரசின் கணக்கில் அவர்கள் வாங்குவது கூலி இல்லை, மதிப்பூதியம். அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்காரும் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. ஒப்பிட்டுக் காட்ட அந்த வேலையில் ஆண்களே இல்லாதபோது "சம வேலை" என்ற வாதம் எங்கே எடுபடும்? அங்கே "சம மதிப்புள்ள வேலை", அதாவது வேலை வேறானாலும் மதிப்பு ஒன்று, என்றுதான் பேச வேண்டும். நம் சட்டம் இன்னும் அந்தத் தூரம் வரவில்லை.

சரி, பாராட்டு போதும். 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை மறக்க முடியுமா? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்பது அவர்கள் அமைப்பின் பெயர். அவர்கள் கிட்டேயே சேர்க்காதது தொழிற்சங்கத் தலைவர்களை, இடதுசாரிச் சங்கத் தலைவர்களையும் சேர்த்துத்தான். வேலை செய்வது பெண்கள், பேச்சுவார்த்தையில் உட்கார்வது ஆண்கள் என்று எத்தனை வருடம்தான் ஓட்டுவது? 1964இல் உருவான மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்குள் முதல் பெண் வந்தது 2005இல். அந்த மாதிரி மேஜைகளில் போடப்படும் ஒப்பந்தங்கள்தான் பிறகு என்னிடம் வழக்காக வருகின்றன.

அப்படி ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 1987இலேயே பார்த்துவிட்டது. கப்பல் ஏஜென்சி நிறுவனமொன்றின் பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். ஆட்ரி டி'கோஸ்டா வழக்கு என்றால் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம் என்றது நிறுவனம். எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றும் சொல்லிப் பார்த்தது. இரண்டும் நிற்கவில்லை. ஆகவே, "யூனியனே கையெழுத்துப் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

அப்புறம் அந்த "மூட்டை தூக்கும்" வாதம். "ஆம்பளை மூட்டை தூக்குறான் மேடம், அதான் கூட." எத்தனை மூட்டை, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் வாரத்துக்கு ஒரு லாரி என்று வரும். மற்ற நேரமெல்லாம் அதே மேஜை. வேலை அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு, இவை ஒரே அளவில் இருந்து, வேலைச் சூழலும் ஒத்திருந்தால் போதும். நடைமுறையில் முக்கியமில்லாத வித்தியாசம் கணக்கில் வராது. கட்டுமானத்தில் பாருங்கள், ஆணைப் பெரியாள் என்றும் பெண்ணைச் சித்தாள் என்றும் பெயர் வைத்தே கூலியைப் பிரித்துவிட்டார்கள். கலவைச் சட்டியின் கனம் தலைக்குத் தலை மாறுகிறதா என்ன?

ஆண் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கூலியைக் குறைத்துச் சமம் செய்ய முதலாளிக்கு அதிகாரம் இல்லை, சட்டத்திலேயே அதைத் தடுத்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல வாருங்கள்.

பெண்களே, தயவு செய்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பதினைந்து வருடமாக இதையே கத்திக்கொண்டிருக்கிறேன். "எல்லாப் பாக்கியும் வாங்கிவிட்டேன்" என்ற தாளிலும் படிக்காமல் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். சட்டப்படி வர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. கூலிச் சீட்டு கேட்டு வாங்குங்கள், கொடுப்பது முதலாளியின் கடமை. கோபத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டு என்னிடம் வராதீர்கள், வேலையில் இருக்கும்போதே வாருங்கள். இதற்கென அரசு நியமித்த அதிகாரியிடம் மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும். நீங்களே போடலாம், உங்கள் சங்கம் போடலாம், ஆய்வாளரும் போடலாம். பாக்கி இல்லாமல் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை முதலாளி தலையில். பாக்கி இருப்பது உறுதியானால் அதோடு பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இந்த மனுவில் எங்கேயும் உறுப்பினர் அட்டை கேட்க மாட்டார்கள்.

அந்த ஏழு பேரில் நான்கு பேர் மறுபடி வந்தார்கள். தங்கள் கூலிச் சீட்டோடு, ஒரு ஆண் தொழிலாளியின் சீட்டையும் செல்போனில் படம் எடுத்து வந்திருந்தார்கள். மற்ற மூன்று பேர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடக் கெடு அவர்களுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.