ஸாமொக்: நெவித்ஸ்கே கோட்டையை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

உக்ரைனிய மொழியில் 'ஸாமொக்' என்பது ஒரு நிலக்கிழாரோ குறுநிலத் தலைவரோ தம் குடும்பத்துடன் வாழ்வதற்காக மதிலும் அகழியும் காவற்கோபுரமும் அமைத்துக் கட்டிக்கொண்ட குடியிருப்பைக் குறிக்கும் பெயர்ச்சொல். படை தங்குவதற்கென்றே எழுப்பப்பட்ட காவலிடத்தை உக்ரைனியர் 'ஃபொர்தேத்ஸ்யா' என்பார்கள். பாதுகாப்பைப் பெரிதாகக் கருதாமல் செல்வச் செழிப்புக்காகக் கட்டிய இல்லத்தைப் 'பலாத்ஸ்' என்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது ஸாமொக். வீடும் காவலும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதே அதன் இலக்கணம்.

எழுத்து மாறாமல் அழுத்தத்தை மட்டும் இரண்டாம் அசைக்கு மாற்றி 'ஸமோக்' என்று ஒலித்தால், அதே சொல் கதவுப் பூட்டைக் குறிக்கும். இது தற்செயலான ஒற்றுமை அன்று. 'மூடு, பூட்டு' என்ற வினையிலிருந்து பிறந்த ஜெர்மானியச் சொல்லான 'ஷ்லோஸ்' பூட்டையும் குறித்தது, எதிரி நுழையாதபடி அடைக்கப்பட்ட கோட்டையையும் குறித்தது. அதைப் பார்த்துச் செக் மொழியினர் தங்கள் மொழியின் பூட்டுதல் வினையிலிருந்தே 'ஸாமெக்' என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருளை ஏற்றினார்கள். அது போலிய மொழி வழியாக உக்ரைனுக்கு வந்து ஸாமொக் ஆயிற்று. அதற்கு முன்பு கிழக்கு ஸ்லாவியர் அரண் சூழ்ந்த இடத்துக்கு வழங்கிவந்த சொல் 'ஹொரொத்'. அந்தச் சொல் பின்னாளில் நகரம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது.

இந்தச் சொற்களெல்லாம் ஒரே நிலப்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதைக் காண, உக்ரைனின் மேற்கு எல்லையிலுள்ள ஸகர்பாத்தியா மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். அதன் தலைநகரின் உக்ரைனியப் பெயர் உஷ்ஹொரோத், ஹங்கேரியப் பெயர் உங்வார். உஷ், உங் இரண்டும் அங்கே ஓடும் ஆற்றின் பெயர். ஹொரொத், வார் இரண்டும் கோட்டை. ஆற்றின் போக்கை எதிர்த்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வடக்கே சென்றால், காடடர்ந்த எரிமலைப் பாறைக் குன்றின் மேல் நெவித்ஸ்கே கோட்டையின் இடிபாடுகள் தெரியும். பெயர் நெவித்ஸ்கே கிராமத்துடையதாக இருந்தாலும், இடிபாடுகள் இன்று கமியனித்ஸ்யா கிராமத்தின் எல்லைக்குள் அடங்குகின்றன. கமியனித்ஸ்யா என்ற சொல்லுக்கு உக்ரைனியத்தில் கல்வீடு என்றே பொருள். உக்ரைனியர் கிராமத்தை 'நெவித்ஸ்கே' என்றும் கோட்டையை 'நெவித்ஸ்கி ஸாமொக்' என்றும் எழுதுவதைப் பார்த்து இரண்டும் வேறு பெயர்கள் என்று எண்ண வேண்டியதில்லை. கிராமத்தைக் குறிக்கும் 'செலோ' அஃறிணைப் பாலைச் சேர்ந்தது, ஸாமொக் ஆண்பாலைச் சேர்ந்தது. ஈறு அதற்கேற்ப மாறுகிறது.

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நேப்பிள்ஸிலிருந்து வந்து ஹங்கேரிய அரியணை ஏறிய கரோய் ராபர்ட் மன்னர், தம்முடன் வந்த ட்ருகெத் குடும்பத்தாருக்கு இப்பகுதியை வழங்கினார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நெவித்ஸ்கே அவர்களிடமே இருந்தது. நீள்வட்ட வடிவ உள்மதில், அதற்குள் நாற்கோணத் தலைமைக் கோபுரம், வெளியே அகழி என்ற அமைப்பை எஞ்சிய சுவர்களைக் கொண்டே இன்றும் உணர முடியும். 1644இல், ஹாப்ஸ்பர்க் பேரரசுக்கு எதிராகப் படையெடுத்த திரான்சில்வேனிய இளவரசர் முதலாம் கியோர்கி ராக்கோசியின் படை அதைத் தகர்த்தது. ட்ருகெத் குடும்பத்தின் முதன்மை இருக்கை அதற்கு முன்பே உஷ்ஹொரோத் கோட்டைக்கு மாறியிருந்ததால், மலைமேலிருந்த கோட்டையைப் பழையபடி எடுத்துக்கட்ட எவரும் முனையவில்லை. பின்னர் 20ஆம் நூற்றாண்டில் இந்த மண் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, மீண்டும் ஹங்கேரி, சோவியத் ஒன்றியம், 1991 முதல் சுதந்திர உக்ரைன் எனக் கைமாறியபோதெல்லாம் ஆவணங்களில் 'வார்', 'ஹ்ராத்' (செக் மொழியில் கோட்டை), 'ஸாமொக்' எனச் சொல் மாறியது. இடிபாடு மட்டும் மாறவில்லை.

உள்ளூரில் 'பொஹானா தீவா', அதாவது கொடிய கன்னி, என்று சொல்லப்படும் ஒருத்தியின் கதை இன்றும் வழங்குகிறது. கோட்டை கட்டும் சாந்தில் குழைப்பதற்காகக் குடியானவர்களிடமிருந்து பாலையும் முட்டையையும் அவள் பிடுங்கினாளாம். இது வரலாறு அன்று, வாய்மொழிக் கதை. ஆனால் ஸாமொக் என்ற சொல்லுக்குள் வாழ்ந்தவர்களைக் கீழே நின்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அகராதியைவிட நன்றாகவே சொல்லிவிடுகிறது.

இனித் தமிழாக்கம். உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் 'அரண்மனை' என்பதே ஸாமொக்கின் நேர் பொருள்: அரணும் மனையும் சேர்ந்தது. எனினும், இன்று அந்தச் சொல் மன்னரின் ஆடம்பர இல்லத்தையே மனத்தில் கொண்டுவருகிறது. நெவித்ஸ்கேயின் பிளந்த சுவர்களை அரண்மனை என்று எழுதினால் படிப்பவர் வேறொன்றைக் கற்பனை செய்துகொள்வார். ஜெர்மன் ஷ்லோஸும் செக் ஸாமெக்கும் இதே போலக் காவல் என்ற பொருளை இழந்து மாளிகையாக மாறியவை என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் நினைவில் கொள்வது நல்லது. 'மாளிகை' என்பதில் காவலே இல்லை. 'கோட்டை' படைக் காவலிடத்துக்கும் பொதுவானது என்றாலும், தமிழர் செவிக்கு உடனே விளங்குவதால் பொது வழக்குக்கு அதுவே ஏற்றது.

நெவித்ஸ்கே போன்ற குன்றின்மேல் அமைந்தவற்றுக்கு என் பரிந்துரை 'மலையரண்'. நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கும் உடையதே அரண் என்று திருக்குறளின் 742ஆம் குறள் சொல்கிறது. நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்ற பகுப்பு அதிலிருந்து வந்த நம் பழைய வழக்கு. ஆகவே உக்ரைனிய ஸாமொக்கைப் பொதுவில் கோட்டை என்றும், குன்றின்மேலதை மலையரண் என்றும், ஃபொர்தேத்ஸ்யாவைப் படைக்கோட்டை என்றும், பலாத்ஸை அரண்மனை என்றும் எழுதலாம். செக் மொழியிலிருந்து பெயர்க்கும்போது மட்டும் 'ஸாமெக்' அரண்மனையாகவும் 'ஹ்ராத்' கோட்டையாகவும் அமைய வேண்டும்.