காலிக் குழாய்க்குக் கிடைக்கும் 15 வினாடி

கலிஃபோர்னியாவில் 2011 முதல் புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்கும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயின் சூடு பட்டதும் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி, கட்டாயம். கலிஃபோர்னியா என்றதும் நமக்குக் கடற்கரையும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சியரா நெவாடா மலையில் ட்ரக்கீ என்றொரு ஊர் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது அங்கே சர்வசாதாரணம். அங்கும் சட்டம் இதேதான்.

சரி, கூரைக்கு அடியில் சூடேற்றப்படாத பரண் வழியாகத் தண்ணீர் நிரம்பிய குழாய் போனால் என்ன ஆகும்? உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். குழாய் பல நேரங்களில் பனிக்கட்டி இருக்கிற இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய முனைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி அங்கே பிளக்கும். அது வீட்டுக்காரருக்குத் தெரிவது பனி உருகி, கூரையிலிருந்து ஒழுகும்போதுதான்.

தண்ணீரில் கிளிசரின் போன்ற உறைதடுப்பியைக் கலந்து வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2009 ஆகஸ்டில் அதே ட்ரக்கீயில் ஒரு குடியிருப்பின் சமையலறையில் தீப்பிடித்தது. ஸ்பிரிங்க்ளர் ஒழுங்காகத்தான் திறந்தது. ஆனால் அதிலிருந்து தெறித்த கலவையில் கிளிசரின் அதிகம். கிளிசரின் எரியக்கூடிய பொருள். பொடித்துளியாகத் தீயில் விழுந்ததும் அதுவே பற்றிக்கொண்டது. ஒருவர் இறந்தார். மறு ஆண்டே அமெரிக்கத் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம், புதிய வீடுகளில் உறைதடுப்பிக்குத் தற்காலிகத் தடை போட்டது. பிற்பாடு கலவையின் அளவுக்குக் கடும் வரம்புகளோடு அது திரும்பி வந்தது.

இன்னொரு வழி, குழாயைக் காலியாகவே வைத்திருப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கலெல்லாம் இதில்தான்.

சென்னையில் ஏதாவது ஒரு மாலில் அண்ணாந்து பார்த்தால் சிறு கண்ணாடிக் குமிழ்கள் தெரியும். உள்ளே சிவப்புத் திரவம் இருந்தால், 68 டிகிரி செல்சியஸில் அது விரிந்து குமிழை உடைக்கும். சூடு பட்ட குமிழ் மட்டுமே உடையும். சினிமாவில் காட்டுவதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் பீய்ச்சாது. அந்தக் குழாயில் தண்ணீர் தயாராக நிற்பதால் உடைந்த கணமே கொட்டும். உலர் குழாயில், அதாவது காலியாக வைத்த குழாயில், அப்படி இல்லை. உள்ளே இருப்பது அழுத்தம் ஏற்றிய காற்று. தண்ணீர் வீட்டின் சூடான பகுதியில் ஒரு வால்வுக்குப் பின்னால் காத்து நிற்கும்.

அந்த வால்வு ஒரு நல்ல தந்திரம். அதன் மூடியில் காற்று அழுத்தும் பரப்பு, தண்ணீர் அழுத்தும் பரப்பைவிட ஐந்தரை மடங்கு பெரிது என்று வைத்துக்கொள்வோம். 6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தண்ணீரை 1.1 பார் காற்றே தடுத்து நிறுத்திவிடும். சின்னக் கசிவுக்கெல்லாம் திறந்துவிடாமலிருக்க இன்னும் 1.4 பார் சேர்த்து, 2.5 பாரில் வைப்பார்கள். குமிழ் உடைந்ததும் காற்று வெளியேறும். அழுத்தம் 1.1 பாருக்குக் கீழே வந்ததும் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு புறப்படும்.

ஆக, இரண்டு காத்திருப்புகள்: காற்று இறங்கும் நேரம், தண்ணீர் ஓடி வரும் நேரம். அலுவலகம் போன்ற இடங்களுக்கு இரண்டும் சேர்த்து 60 வினாடி வரை விதி அனுமதிக்கிறது. வீட்டுக்கு 15 தான். ஏன் இந்தக் கறார்? வீட்டு ஸ்பிரிங்க்ளரின் வேலை, அறை முழுதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும் முன் ஆட்கள் வெளியேற வழி செய்வது. இன்னொரு காரணத்தை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். தனி வீட்டில் இரண்டு ஸ்பிரிங்க்ளருக்குப் போதுமான தண்ணீரைத்தான் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். தண்ணீர் தாமதித்தால் சூடு பரவி மூன்றாவதும் நான்காவதும் திறந்துவிடும். இருக்கும் தண்ணீர் நான்காகப் பிரியும், எதிலிருந்தும் உருப்படியாக வராது.

தாமதத்தைக் குறைக்க என்ன செய்யலாம்? குழாயைச் சிறிதாக்கலாம். விட்டத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு நாலில் ஒன்றாகும். ஆனால் அதே அளவு தண்ணீரை அனுப்ப, உராய்வில் போகும் அழுத்தம் ஏறக்குறைய 29 மடங்காகும்! சீக்கிரம் வந்து சேரும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் யாருக்குப் பயன்? பெரிதாக்கினால் வேகமில்லை, சிறிதாக்கினால் விசையில்லை. வடிவமைப்பாளரின் தலைவலி முக்கால்வாசி இதுதான். அதனால்தான் வால்வைக் குளிர் பகுதிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைப்பார்கள், கிளைகளையும் குறைப்பார்கள்.

குழாயின் வகையிலும் கவனம் வேண்டும். வீடுகளில் மலிவாகப் போடும் சிபிவிசி பிளாஸ்டிக்கில் அழுத்தக் காற்றை ஏற்றக் கூடாது. உடைந்தால் சில்லுகளாகச் சிதறும். எனவே இரும்பு. இரும்பு என்றால் துரு. மிச்சத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கும் காலிக் குழாய், முழுக்க நிரம்பிய குழாயைவிட வேகமாக அரிக்கும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவது இதற்காகத்தான். மிச்சத் தண்ணீர் வடிய, கிளைக் குழாய்களுக்கு மீட்டருக்கு 4 மில்லிமீட்டராவது சாய்வு தர வேண்டும்.

என்னைக் கேட்டால், முடிந்தவரை இந்த ஏற்பாட்டையே தவிர்க்கலாம். தனி வீடுகளில், யாரும் வசிக்காத பரணுக்குப் பொதுவாக ஸ்பிரிங்க்ளர் தேவையில்லை. குழாய் அந்த வழியே போவதால்தான் பிரச்சினையே. குழாயை அறையின் சூடான உட்கூரையை ஒட்டிப் பதித்து, அதன் மேல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனைக் கூடாரம்போல் மூடினால் அறையின் வெப்பமே அதைக் காக்கும். அப்போது சாதாரண ஈரக் குழாயே போதும்.

வேறு வழியில்லாமல் உலர் குழாயே போட்டால், கடைசியில் ஒரு சோதனை உண்டு. வால்வுக்கு மிகத் தொலைவில் உள்ள முனையைத் திறந்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுவார்கள். முதலில் காற்றின் சீறல், அப்புறம் செருமல், அப்புறம் தண்ணீர். 14 வினாடியில் வந்துவிட்டது என்று மகிழ்ந்து அப்படியே கிளம்பிவிட முடியாது. சோதனைக்காக விட்ட தண்ணீரைத் தாழ்வான வடிகுழாய்கள் வழியே முழுக்க இறக்க வேண்டும். தேங்கி நின்றால், வரும் குளிர்காலத்தில் குழாயைப் பிளப்பது அந்தத் தண்ணீராகவே இருக்கும்.