லூனி என்றால் கிறுக்கு இல்லை

டொராண்டோவுக்குப் போன புதிதில் ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். கறிவேப்பிலை, முருங்கைக்காய், ஒரு பாக்கெட் அப்பளம். சரியாக ஆறு டாலர். பத்து டாலர் தாளை நீட்டினேன். கல்லாவில் இருந்த அக்கா, "லூனி ஒண்டு இருக்கோ தம்பி? இருந்தா அஞ்சு டொலர் தாளாத் தாறன்" என்றார்.

அதற்கு முன் மூன்று வருடம் நியூ ஜெர்சியில் இருந்தவன் நான். அங்கே ஒருவரை லூனி என்றால் கிறுக்கு என்று பொருள். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் கிடந்த சில்லறையிலிருந்து பொன்னிறக் காசு ஒன்றை அவரே தொட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான் அந்தக் காசை ஒழுங்காகத் திருப்பிப் பார்த்தேன். வட்டம் போலத் தெரியும். விரலால் விளிம்பைத் தடவினால் பதினொரு பக்கம் இருக்கும். ஒரு முகத்தில் அப்போதைய அரசி எலிசபெத்தின் தலை. மறுமுகத்தில் ஏரியில் மிதக்கும் ஒரு நீர்ப்பறவை. அதன் பெயர் லூன். பறவை லூன், அதனால் காசு லூனி.

கனடாவின் இந்த ஒரு டாலர் நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1987 ஜூன் 30 அன்று. லூனி என்பது அரசு வைத்த பெயர் இல்லை, மக்கள் வாயில் வந்தது. கனடிய நாணயச்சாலை அந்தப் பெயருக்கான உரிமையைத் தனதாக்கிக்கொண்டது 2006இல்தான்.

இதில் வேடிக்கை, இந்தக் காசில் பறவையே இருந்திருக்க வேண்டியதில்லை. 1935 முதல் வந்த வெள்ளி டாலரில் இரண்டு பேர் படகு வலிக்கும் படம் இருந்தது. புதுக் காசிலும் அதையே போடுவதாகத்தான் ஏற்பாடு. அதற்கான மூல அச்சை ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் ஆலைக்கு 1986 நவம்பரில் அனுப்பினார்கள். செலவைக் குறைக்க சாதாரணக் கூரியரில். அச்சு போய்ச் சேரவில்லை. யார் கையிலாவது சிக்கிக் கள்ளக் காசு அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் படத்தையே மாற்றினார்கள். ராபர்ட் ரால்ஃப் கார்மைக்கேல் என்ற ஓவியர் வரைந்த லூன் உள்ளே வந்தது. கூரியர் ஒழுங்காகப் போயிருந்தால் அந்த அக்கா என்னிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்?

சரி, சொல்லுக்கு வருவோம். பறவையைக் குறிக்கும் லூன் வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது. கிறுக்கைக் குறிக்கும் லூனி, லுனாட்டிக் என்பதன் சுருக்கம். அதன் வேர் நிலவைக் குறிக்கும் லத்தீன் சொல்லான லூனா. நிலவுதான் புத்தியைக் கலைக்கிறது என்று அங்கே நம்பினார்கள். நம் மொழியில் மதி என்றால் நிலவு, மதி என்றால் அறிவும். ஆக, இரண்டு லூனிக்கும் உறவில்லை. ஆனால் இரவில் ஏரிக்கரையில் லூன் கத்துவதைக் கேட்டவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் ஆச்சரியமில்லை. ஒரு முறை நீளமாக ஓலமிடும். மறுமுறை யாரோ தனியாக உட்கார்ந்து சிரிப்பது போல இருக்கும். லூன் போலக் கிறுக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு சொலவடையே உண்டு.

பறவை கனடாவுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஒன்டாரியோவின் மாகாணப் பறவை அது. எல்லைக்குத் தெற்கே மினசோட்டாவின் மாநிலப் பறவையும் அதுதான். பிறகு ஏன் அமெரிக்கர் நாக்கில் லூனி ஏறவில்லை? அவர்கள் சட்டைப்பையில் அந்தக் காசு இல்லை, அவ்வளவுதான். ஒரு டாலர் காசை அமெரிக்காவும் போட்டுப் பார்த்தது. பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனியின் உருவத்தோடு 1979இல் வந்த காசு 25 சென்ட் காசோடு குழம்பியது. 2000இல் பொன்னிறத்தில், சாக்ககவேயா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவத்தோடு ஒரு காசு வந்தது. ஆனால் தாளை நிறுத்தவில்லை. தாள் கிடைக்கும்போது கனமான காசை யார் சுமப்பார்? கனடாவில் 1989 ஜூன் 30க்குப் பிறகு ஒரு டாலர் தாளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் எல்லோர் கையிலும் லூனி புழங்கியது, புழங்கப் புழங்கப் பெயரும் நின்றது.

1996இல் இரண்டு டாலர் தாளும் போய், நடுவில் பொன்னிறம், சுற்றிலும் வெள்ளி நிறம் என்று ஒரு காசு வந்தது. அதில் இருப்பது பனிக்கரடி. ஆனாலும் கரடியை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டைக் குறிக்கும் டூ-வை லூனியோடு ஒட்டி டூனி ஆக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் சில டூனிகளின் நடுவட்டம் தனியே கழன்று விழுந்த கதையைப் பழையவர்கள் இன்னும் சொல்வார்கள்.

இப்போது லூனிக்கு இன்னொரு பொருளும் உண்டு. வணிகச் செய்தியில் லூனி சரிந்தது என்றால் ஒரு காசு அல்ல, கனடிய டாலரின் மதிப்பே சரிந்தது என்று பொருள். எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க டாலருக்கு கிரீன்பேக், அதாவது பச்சை முதுகு. கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள் லூனி என்று சொல்லாமல், அதே பறவைக்குத் தங்கள் மொழியில் உள்ள உவார் என்ற பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் தமிழில்? பறவைக்குப் பெயர் தேடினால் முக்குளிப்பான் என்று சொல்ல ஆசை வரும். பிரிட்டனில் லூனை டைவர் என்கிறார்கள், அதன் பொருளும் முக்குளிப்பவர்தான். ஆனால் நம் குளங்களில் உள்ள முக்குளிப்பான் வேறு குடும்பத்துப் பறவை. முக்குளிக் காசு என்று நானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், நியாயம்தான். ஆனால் காசிலுள்ள விலங்கை வைத்துப் பெயரிடுவது நமக்குப் புதிதல்ல. பன்றி முத்திரை இருந்ததால்தான் வராகன் வராகன் ஆனது. வேற்றுமொழிக் காசுப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதும் பழக்கம்தான். துட்டு, டச்சுக்காரர்களின் டௌட் என்ற காசிலிருந்து வந்தது.

எனவே என் கணக்கில், பேச்சில் லூனி லூனியாகவே இருக்கட்டும். எழுத்தில் விளக்க வேண்டுமானால் ஒரு டாலர் நாணயம் போதும். ஈழத்து வழக்கில் ஒரு டொலர்க் குற்றி என்பார்கள், பேச்சில் குத்தி. தாளுக்கு எதிராகக் காசை மட்டும் குறிக்க இதைவிடச் சுருக்கமான சொல் தமிழ்நாட்டில் எங்களிடம் இல்லை. சிங்கப்பூர்த் தமிழரோ டாலரையே வெள்ளி என்று மாற்றிக்கொண்டார்கள், சென்ட் அவர்களுக்குக் காசு.

சென்டுக்கு ஈழத்தமிழர் சொல்வது சதம். ஸ்கார்பரோவிலும் அதுதான். 2013 பிப்ரவரியில் கனடா ஒரு சதக் காசை வினியோகிப்பதை நிறுத்திவிட்டது; ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சதத்துக்குக் கிட்ட முழுமையாக்கி வாங்கிக்கொள்கிறார்கள். அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது, கல்லாவில் ஒட்டியிருந்த பழைய பில் ரோலை உதறிக்கொண்டே, "அப்ப நாங்கள் சொல்லுறது இந்த நாட்டுக்குச் சரியாத்தான் கிடக்கு" என்றார். யாழ்ப்பாணத்தில் ஒன்றுக்கும் உதவாத ஆளைத் திட்டுவது இப்படித்தான்: "அஞ்சு சதத்துக்குப் பிரயோசனமில்லை."