கூட நிற்கப் போவது யார்?

"மிஸி, பெட்டிக்குள்ள என்னென்ன வைக்கோணும்?"

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் என்புமச்சை (எலும்புக்குள் இரத்த அணுக்கள் உருவாகும் பகுதி) மாற்றுக்குத் திகதி கிடைத்ததும் நம் பகுதிக் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மட்டக்களப்பில் புற்றுநோயாளரோடு வேலை செய்யும் தாதி நான். இப்போதெல்லாம் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்கிறேன்: "கூட நிக்கப் போறது ஆர்?" பேச்சு நின்றுவிடும். மகன் தாயைப் பார்ப்பார், தாய் மருமகளைப் பார்ப்பார். சுற்றி வந்து எல்லாருடைய பார்வையும் கலியாணமாகாத கடைசிப் பிள்ளையில் போய் நிற்கும். வாழைச்சேனைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் அந்தப் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

காசு சேர்க்க, உதயதேவி ரயிலில் இடம் பிடிக்க, மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்க எல்லாவற்றுக்கும் கூடிக் கதைக்கிறோம். கூட நிற்பவரைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. வெளிநாடுகளில் பல மாற்றுப் பிரிவுகள், துணையாள் யார் என்பது உறுதியாகாமல் சிகிச்சையையே தொடங்குவதில்லை.

மாற்று என்றதும் ஒப்பறேஷன் என்று நினைப்பவர்கள் அதிகம். கத்தியே இல்லை. மைலோமா என்ற மச்சைப் புற்றுநோய் போன்றவற்றில் பெரும்பாலும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைத்தான், அதாவது இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களைத்தான், எடுப்பார்கள். நான்கைந்து நாள் ஊசி போட்டு அவற்றை இரத்தத்துக்கு இறங்க வைத்து, நான்கைந்து மணித்தியாலம் இயந்திரத்தில் பிரித்தெடுத்து உறைய வைப்பார்கள். பிறகு கடுமையான அளவில் மருந்து ஏற்றுவார்கள். அது மிச்சமிருக்கும் புற்றுநோயோடு சேர்த்து மச்சையையும் வெறுமையாக்கிவிடும். அதற்குப் பிறகு அந்தச் செல்களைச் சேலைன் ஏற்றுவதுபோலத் திருப்பி ஏற்றுவார்கள். அதுதான் பூச்சிய நாள், நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். உறையவிடக் கலக்கும் இரசாயனத்தால் ஓரிரு நாளைக்கு அறையில் உள்ளிப்பூண்டு வாசம் அடிக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டார் பயந்துவிடுவார்கள்.

"இவ்வளவுதானா மிஸி?" என்று ஒரு அக்கா போனில் கேட்டார். அன்றைக்கு இவ்வளவுதான். வெள்ளணு விழுந்து, வாய் புண்ணாகி, எச்சில் விழுங்கவும் முடியாத நாட்கள் அதற்குப் பிறகுதான் வரும். சொந்தச் செல் என்றால் புதிய அணுக்கள் தலைகாட்ட ஏறத்தாழ பத்துப் பதினாலு நாள் எடுக்கும். இன்னொருவருடையது என்றால் இரண்டு முதல் நான்கு வாரம். அந்த நாட்களில் "கொஞ்சம் சாப்பிடுங்கோவன்" என்று கெஞ்சுவதைவிட, வாய் கொப்பளிக்க நேரத்துக்கு நேரம் ஞாபகப்படுத்துவதுதான் பெரிய உதவி.

லியூகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு இன்னொருவரின் செல் தேவைப்படலாம். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒரு சகோதரத்தின் இழைய வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். பொருந்தாமல் போன தங்கச்சி, தான் பாசமில்லாதவள் போல அழுவதைப் பார்த்திருக்கிறேன். பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாதி பொருந்தும் பெற்றோரிடமோ பிள்ளைகளிடமோ எடுக்கும் முறையும் இப்போது உண்டு. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரத்தம் தேவை என்றால் சகோதரங்கள்தான் முதலில் கையை நீட்டுவார்கள். மாற்றுக்குக் காத்திருப்பவருக்கு இரத்த உறவுகள் நேரடியாக இரத்தம் கொடுக்க வேண்டாம். அவர் உடல் அந்த இரத்தத்துக்கு எதிராகப் பழகிவிட்டால், பிறகு அதே சகோதரத்தின் மச்சையைத் தள்ளிவிடக்கூடும். அயலவர், நண்பர்கள் கொடுக்கட்டும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது ஊருக்குத் திரும்பிய பிறகுள்ள நாட்களுக்குத்தான். முதல் நூறு நாள் என்று சொல்வோம். ஆஸ்பத்திரியில் மூன்று நேரமும் ஆள் மாறி மாறிப் பார்த்த வேலை முழுக்க வீட்டில் ஒருவர் தலையில் இறங்கும்.

காய்ச்சல் 100.4 பாகைக்கு ஏறினால் விடியும்வரை பார்க்கக்கூடாது. பனடோல் கொடுத்து அமர்த்தவும் கூடாது. காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும் என்பது எங்கள் கணக்கு. வாகரையிலிருந்து வருவதற்கே அதைவிடக் கூட எடுக்கும். ஆகவே நடுச்சாமத்தில் யாருடைய ஓட்டோ வரும், அவருடைய நம்பர் என்ன என்பதை முதலே சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் டொக்டருக்கு இவர் மாற்றுச் செய்தவர் என்று பார்த்ததும் தெரியாது. நோய் நிர்ணய அட்டையின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். இரத்தம் ஏற்றுவதென்றால், கதிரூட்டிய (கதிர் பாய்ச்சிப் பாதுகாப்பாக்கிய) இரத்தம்தான் வேண்டுமா என்று அட்டையில் குறிப்பிருக்கிறதா பார்த்துக் காட்டுங்கள்.

நம் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்றொரு கிருமிநோய் இருக்கிறது. வயல் சேற்றிலும் தேங்கும் நீரிலும் வாழும் பக்டீரியா, மாரியில் கூடும். நீரிழிவுகாரருக்கே ஆபத்தான அது, எதிர்ப்புச் சக்தி இல்லாதவரை விட்டுவைக்காது. "வரம்பில நிண்டு பாத்திட்டு வாறன்" என்று கிளம்பும் வயல்காரப் போடியார்மாரைத் தடுப்பது எனக்குப் பாதி வேலை. வெறுங்காலோடு வளவுக்குள் இறங்குவதும் அப்படித்தான். வைக்கோல் பட்டறை, பழைய நெல் மூட்டை, குப்பை உரம் எதற்குக் கிட்டவும் வேண்டாம். பூஞ்சணம் சுவாசப்பைக்குள் போகும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். சட்டி எருமைத் தயிரை டொக்டர் சரி என்னும்வரை மறக்க வேண்டும். தயிரை மறக்கச் சொன்னதற்காக என்னோடு கோபித்த ஆட்கள் உண்டு!

கசாயம் பற்றிச் சண்டை பிடிக்க நான் வரவில்லை. ஆனால் சில மூலிகைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும், அல்லது குறைத்துவிடும். கொடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்ததால் வந்த குழப்பத்தைத்தான் எங்களால் பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது.

இன்னொருவரின் செல் ஏறியவருக்குத் தோல் சிவத்தல், வயிற்றோட்டம், கண் மஞ்சளாதல் வந்தால் புதிய அணுக்கள் பழைய உடலைத் தாக்குகின்றனவோ என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் நித்திரையைக் கெடுக்கும், கோபத்தைக் கூட்டும். முப்பது வருசம் ஒரு சொல் உரத்துப் பேசாத மனிசன் தட்டை எறிந்தார் என்று ஒரு மனைவி அழுதார். "அது மருந்து பேசுறது அக்கா" என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா தெரியாது, ஆனால் அடுத்த கிளினிக்கில் அதை டொக்டரிடம் அவரே சொன்னார்.

கூட நிற்பவர் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். காய்ச்சல், மருந்து, சாப்பாடு, மலம், கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாமவர் வந்து பொறுப்பெடுக்கும்போது அந்தக் கொப்பி கை மாறும். ஆம், இரண்டாமவர் கட்டாயம் வேண்டும். பார்க்க வரும் மாமிமாரை வாசலோடு அனுப்புங்கள். சமைத்துக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கி, வெளியிலிருந்து உதவட்டும்.

பரிசோதனை நிலைச் சிகிச்சை பற்றியும் கேட்கிறார்கள், கூடுதலாகக் கைப்பேசியைக் காட்டி. நோயாளியின் சொந்த வெள்ளணுவைப் புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி ஏற்றும் கார்-டீ சிகிச்சைக்கு அமெரிக்கா 2017 இலும், தன் நாட்டிலேயே உருவாக்கிய ஒன்றுக்கு இந்தியா 2023 இலும் அனுமதி கொடுத்தன. அதில் துணையாளின் வேலை இன்னும் நுணுக்கம். மூளையைப் பாதிக்கிறதா என்று பார்க்க நோயாளியை நாள்தோறும் ஒரு வசனம் எழுதச் சொல்வார்கள். நேற்றைய எழுத்தும் இன்றையதும் மாறியிருந்தால் முதலில் கண்டுபிடிப்பது அந்தக் கையெழுத்தை வருசக்கணக்காகப் பார்த்தவர்தான்.

ஆய்வில் சேரச் சொன்னால் கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்: எந்தக் கட்டம்? முதற்கட்டம் என்றால் எந்த அளவு மருந்தைத் தாங்கலாம் என்று பார்ப்பதுதான் பிரதான நோக்கம், குணம் உறுதி இல்லை. ஒழுக்கநெறிக் குழு அனுமதித்ததா? இலங்கையில் 2006 இலிருந்து ஆய்வுகளுக்குப் பதிவேடு இருக்கிறது, அதில் உண்டா? இடையில் விலகலாமா? விலகலாம், வழமையான சிகிச்சை அதனால் நிற்கக்கூடாது. படிவம் தமிழில் இல்லை என்றால் தமிழில் விளங்கப்படுத்தும்வரை காத்திருங்கள். ஆய்வு மருந்துக்கே இலட்சக்கணக்கில் காசு கேட்டால், எல்லா நோய்க்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி என்றால், காணி உறுதியை அடகு வைக்க முன் உங்கள் புற்றுநோய் டொக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். நம்பிக்கையை உடைக்க எனக்கும் விருப்பமில்லை. காணியும் போய் ஆளும் போன வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

கடைசியாக, அநேகர் தவறவிடும் ஒன்று. மாற்றுச் செய்தவர் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடும். பொதுவாக ஆறு மாதம் தாண்டியதும் திரும்பத் தொடங்குவார்கள். உயிருள்ள கிருமி கொண்ட சின்னமுத்து ஊசி போன்றவை மாற்று முடிந்து இரண்டு வருசம் ஆகும்வரை கிடையாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், போலியோ சொட்டு விட முன் மிட்வைஃப் அம்மாவிடம் "எங்கட வீட்டில மாற்றுச் செய்த ஆள் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். சொட்டுக்குப் பதில் ஊசி போட அவர் ஒழுங்கு செய்வார்.