குத்துச்சண்டை மறுமோதலில் ஆட்டத்தை மாற்றினால் ஜெயித்துவிட முடியுமா?

மாவட்டத் தேர்வுப் போட்டியில் தோற்ற பையன் மறுவாரம் வந்ததும் கேட்பது இதைத்தான்: "சார், அடுத்த தடவை அவன்கூட விழுந்தா சவுத்பாவா ஆடட்டுமா?" வலது கையையும் வலது காலையும் முன்னால் வைத்து நிற்பதுதான் சவுத்பா. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் குத்துச்சண்டை பழகும் நம் பிள்ளைகளுக்கு மறுமோதல், அதாவது அதே எதிராளியோடு மறுபடி ஆடுவது, அபூர்வம் இல்லை. ஒரு எடைப்பிரிவில் தொடர்ந்து ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த வருஷம் அடித்தவனே அடுத்த வருஷமும் எதிர் மூலையில் நிற்பான். அதனால் பையனும் சரி, அப்பாவும் சரி, உடனே ஸ்டைலை மாற்றச் சொல்கிறார்கள். முதல் தோல்விக்குக் காரணம் ஆட்டமுறை என்றால் மாற்றம் பலன் தரும். மூச்சோ, எடையோ, ஆறாத தலைக்காயமோ காரணம் என்றால் எந்த உத்தியும் கைகொடுக்காது.

ஆட்டமுறையே காரணமாக இருந்ததற்கு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸைப் பாருங்கள். 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் மாக்ஸ் ஷ்மெலிங் அவரை 12-வது ரவுண்டில் வீழ்த்தினார். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக வீசும் வேகக் குத்து) போட்டுக் கையைத் திரும்ப இழுக்கும்போது லூயிஸின் இடது கை தாழ்ந்துவிடும். ஷ்மெலிங் அதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். கை தாழ்ந்த நேரமெல்லாம் அவருடைய வலது குத்து உள்ளே போனது. 1938 ஜூன் 22 மறுமோதலில் லூயிஸ் அந்தக் குத்துக்கு அவகாசமே தரவில்லை. முதல் மணியிலிருந்தே நெருங்கி அடித்தார், 2 நிமிடம் 4 வினாடியில் எல்லாம் முடிந்தது.

உங்கள் பிள்ளையின் ஓட்டை எது என்று தெரிய வீடியோ வேண்டும். செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, ரிங் முழுக்க, முக்கியமாகக் கால்கள் தெரியும்படி எடுங்கள். நண்பர்கள் எடுக்கிற வீடியோவில் பெரும்பாலும் இடுப்புக்கு மேல்தான் இருக்கும், அதில் பாதி விஷயம் போய்விடும். பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள். கூட்டம் கத்தினால் கார்டில் (முகத்தை மறைத்த கைகளில்) பட்ட குத்துகூட முகத்தில் விழுந்த மாதிரி தெரியும். பிறகு பையன் வாங்கிய ஒவ்வொரு சுத்தமான குத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தக் கையால் வந்தது, அதற்கு முந்தைய நொடி பையன் என்ன செய்தான், எந்த ரவுண்டில் எத்தனாவது நிமிடம். ஜாப் போட்ட பிறகோ, நேராகப் பின்வாங்கும்போதோ, கிளின்சிலிருந்து (இருவரும் கட்டிப் பிடித்த நிலையிலிருந்து) விலகும்போதோ திரும்பத் திரும்ப விழுந்திருந்தால் அது பழக்கக் கோளாறு, திருத்தலாம். வாங்கிய அடியெல்லாம் மூன்றாவது ரவுண்டின் கடைசி நிமிடத்தில் குவிந்திருந்தால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். அவனுக்குப் புது உத்தி சொல்லிக்கொடுப்பது வீண். ஓட்டமும், தொங்கும் குத்துப் பையை அடிக்கும் பேக் ரவுண்டும்தான் கூட வேண்டும்.

கை தாழ்கிற கோளாறுக்குப் பயிற்சி எளிது, ஆனால் அலுக்கும். பையன் ஜாப் போட வேண்டும். கோச் அதை இடது பேடில் (குத்தை வாங்கக் கையில் மாட்டும் திண்டு) வாங்கிய உடனே வலது பேடை லேசாகப் பையனின் இடது கன்னத்துக்கு வீச வேண்டும். கிளவுஸ் போன வழியிலேயே திரும்பிக் கன்னத்து எலும்பைத் தொட்டிருந்தால் பேட் கிளவுஸில் படும், இல்லையென்றால் கன்னத்தில். மூன்று நிமிடம் வீதம் நான்கு ரவுண்ட், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. இதை வகுப்பின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், பேக் அடித்துக் களைத்த பிறகு வையுங்கள். பழைய பழக்கம் களைப்பில்தான் திரும்பி வரும். இரண்டு வாரம் கழித்து, எதிராளி வலது கை மட்டும் வீசலாம் என்ற நிபந்தனையோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை). அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான் முழு ஸ்பாரிங். போட்டிக்கு முந்தைய ஏழு நாளில் கனமான ஸ்பாரிங் கூடவே கூடாது.

ஆறு வாரத்தில் ஒரு பழக்கத்தை மாற்றலாம், நிற்கும் முறையையே மாற்ற முடியாது. திடீரென்று சவுத்பாவாக நிற்பவனுக்குப் பின்வாங்கும்போது கால் பின்னும், வலது ஜாபில் வலு இருக்காது. ஈரல் இருக்கும் வலது விலா எதிராளிக்கு முன்னால் வந்துவிடும். அங்கே ஒரு நல்ல குத்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

மாற்றம் சரியாக இருந்தும் தோற்கலாம். 2021-ல் ஓலெக்சாந்தர் உசிக்கிடம் தோற்ற ஆந்தனி ஜோஷுவா, 2022 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த மறுமோதலுக்கு வேறு பயிற்சியாளரோடு வந்து, உடம்பில் நிறையக் குத்தினார். ஆட்டம் முதல் தடவையைவிட நெருக்கமாக இருந்தது. ஆனால் ஒன்பதாவது ரவுண்டில் தடுமாறிய உசிக் பத்தாவதில் வேகத்தைக் கூட்டிப் பதிலடி கொடுத்து, பிளவுத் தீர்ப்பில் (மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் அவர் பக்கம்) வென்றார். எதிராளியும் மாறுவான் என்பதால் மூலையில் இரண்டாவது திட்டம் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

விதியும் குறுக்கே நிற்கும். 1974 மறுமோதலில் முகமது அலி, எதிராளி ஜோ ஃப்ரேசியரின் கழுத்தைப் பிடித்துப் பிடித்து அவரை நெருங்கி ஆடவிடாமல் செய்தார். நம் பிள்ளைகள் அமெச்சூரில் அப்படிப் பிடித்தால் எச்சரிக்கை வரும், புள்ளி போகும்.

எடை விஷயம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. 2019 ஜூனில் ஜோஷுவாவை வீழ்த்திய ஆண்டி ரூயிஸ் சுமார் 122 கிலோ இருந்தார். டிசம்பர் மறுமோதலுக்கு சுமார் 129 கிலோவோடு வந்தார். ஜோஷுவா 112-லிருந்து 108-க்கு இறங்கி, தள்ளி நின்று ஜாபால் ஆடி ஜெயித்தார். உத்தி மாறியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அந்த உத்தியை 12 ரவுண்ட் சுமக்கிற உடம்பும் அவரிடம் இருந்தது. மும்பையில் நடப்பது வேறு. மே மாதப் புழுக்கத்தில் மழைக்கோட்டுப் போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல் இரண்டு கிலோ குறைக்கிறார்கள். நம் ஈரக்காற்றில் வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. வெப்பத்தாக்கு வர இதுவே போதும். 60 கிலோ பையன் 1.2 கிலோ நீரை இழந்தாலே மூச்சு குறையத் தொடங்கும். காலையில் எடை பார்த்து அன்றைக்கே சண்டை என்றால் அது திரும்பி வர நேரமும் இல்லை. வாரம் அரை கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் மேல் எடைப்பிரிவில் ஆடட்டும்.

முதல் சண்டையில் தலையில் அடிபட்டு நிறுத்தப்பட்டவனுக்கு மறுமோதலைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். ஒரு நாக்-அவுட்டுக்குப் பின் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் சண்டையும் கூடாது என்பது அமெச்சூர் விதிகளில் நெடுநாளாக இருப்பது. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது என்றால் 90 நாள். மூளை அதிர்ச்சி ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம், இளம் வயதில் அந்த ஆபத்து கூடுதல். தலைவலி, வெளிச்சம் கூசுவது, காரணமில்லாத எரிச்சல், தூக்கம் மாறுவது ஆகியவற்றைப் பையன் கோச்சிடம் மறைப்பான், வீட்டில் அம்மா கண்ணுக்குத் தெரியும். வாந்தி தொடர்ந்தாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ சயான் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் அனுமதித்த பிறகும் முதலில் ஓட்டமும் ஸ்கிப்பிங்கும், அடுத்து நிழல் குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பிறகு பேட், கடைசியில்தான் ஸ்பாரிங். எந்தப் படியில் தலைவலி திரும்புகிறதோ, அங்கேயே நிறுத்தி மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் போட்டித் தேதி வந்துவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.