மிலிட்டரி லாரி டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்லயே மாத்தப் போறீங்களா? முதல்ல பிரீதரைப் பாருங்க

பழைய மிலிட்டரி லாரி வச்சிருக்கிறவங்க எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அடிக்கடி சொல்ற கம்ப்ளெயின்ட், "பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுக்குது". டிரம்மைக் கழட்டிப் பார்த்தா லைனிங் பூரா கியர் ஆயில் ஊறிப் போயிருக்கும், அந்த ஆயில் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டே போனா கடைசில டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற கியர்) இருக்கிற ஆக்ஸில் ஹவுசிங் மேல, காத்து போக வச்சிருக்கிற சின்ன பிரீதர்ல போய் நிக்கும். அதனாலதான் இந்த மாதிரி வண்டில டிஃபரன்ஷியல் வேலையை பிரேக் வேலையா நினைச்சு செய்யுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

வண்டி ஓட ஓட உள்ள ஆயில் சூடாகி காத்து விரியும், அது வெளிய போற ஒரே வழி பிரீதர். சேறு, துரு, அதுக்கு மேல வண்டிக்கு பெயின்ட் அடிக்கிறப்போ அதையும் சேர்த்து பச்சையா அடிச்சு மூடிருப்பாங்க (இதை நான் பார்க்காத வண்டியே இல்லைன்னு சொல்லலாம்). வழி அடைச்சா பிரஷர் சீல் பக்கம்தான் தள்ளும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற இடத்து பினியன் சீல்ல ஒழுகினா தரையில தெரியும், பரவாயில்ல, ஆனா ஆக்ஸில் டியூப் வழியா ஹப்புக்குப் போச்சுன்னா வெளிய ஒண்ணும் தெரியாது, வீல் பேரிங் கிரீஸைக் கரைச்சு அப்புறம் சீலைத் தாண்டி லைனிங்குக்கு வந்துடும். ஆயில் குடிச்ச லைனிங்கை பெட்ரோல் போட்டுக் கழுவினா மறுபடியும் சூட்டுல கசியும், மாத்தித்தான் ஆகணும். அமெரிக்க மிலிட்டரி லாரி எம்35ஏ2 மாதிரி வண்டில ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட், ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் ஆயில் பட்டு ஊதிப்போய் லீக் ஆனாலே மொத்த வண்டிக்கும் பிரேக் போயிடும்.

பிரீதரைக் கழட்டி டீசல்ல ஊறவச்சு ஊதிப் பாருங்க. மேல மூடி இருக்கிற டைப்னா விரலால சுத்தினா லேசா சுத்தணும்.

அடுத்தது வண்டி உருண்டு ஓடுறது. இதுலதான் ஆள் சாகுறான். பல மிலிட்டரி லாரில ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸ்லேர்ந்து (முன், பின் ஆக்ஸிலுக்கு சக்தியைப் பிரிக்கிற பெட்டி) வர்ற ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டுட்டோம்னு நம்பி பின்னாடி ஒரு சக்கரத்தை ஜாக்கில தூக்கினீங்கன்னா, தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்தும், தரையில இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும், டிஃபரன்ஷியலோட வேலையே அதுதானே! ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையோ ஆக்ஸில் ஷாஃப்ட்டையோ கழட்டினாலும் இதே கதைதான். அதனால சமதளமான கெட்டித் தரை, தரையில நிக்கிற சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, ஸ்டாண்ட் வைக்காம அடியில தலையை விடக்கூடாது. ஆயில் மட்டும் மாத்துறதுன்னா இந்த லாரி நிக்கிற உயரத்துக்கு ஜாக்கியே தேவைப்படாது, தூக்காமலே செய்ங்க.

ஃபில் பிளக்கைத் திறக்க முடியுதான்னு பார்த்துட்டுத்தான் டிரெயின் பிளக்ல கை வைக்கணும். கீழ எல்லாத்தையும் வடிச்சுட்டு மேல பிளக் துருப்பிடிச்சு அசையலன்னா வண்டி அங்கேயே நிக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து சூடா வடிச்சா அடி மண்டியும் சேர்ந்து வரும்.

வடிச்ச ஆயிலை உடனே கேன்ல ஊத்திடாதீங்க, வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. பால் கலந்த காபி கலர்ல இருந்தா தண்ணி. ஓடிச் சூடான ஆக்ஸிலைத் தண்ணில இறக்கினா உள்ள காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும், பிரீதர் அடைச்ச வண்டில இது இன்னும் மோசம். காந்தம் வச்ச பிளக்னா அதுல சாம்பல் கலர் பசை ஒட்டியிருக்கும், வழிச்சு விரல்ல தேய்ங்க, வழவழன்னு இருந்தா சாதாரண தேய்மானம். நறுக்குன்னு தட்டினாலோ, செதில் செதிலா மினுக்கினாலோ, பல் துண்டு வந்தாலோ வேலையை நிறுத்துங்க. கிரவுன் பினியனை (டிஃபரன்ஷியலோட பெரிய, சின்ன கியர் ஜோடி) திறந்து பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இடைவெளி), பிரீலோட் (பேரிங் இறுக்கம்) செட் பண்றது டயல் கேஜ் (நுணுக்கமா அளக்கிற கருவி) இல்லாம குத்துமதிப்பா செய்யற வேலையே இல்ல, அந்த கியரைத் தாங்குற கேரியரும் ஒருத்தர் கையில தூக்குற வெயிட் கிடையாது.

ஆயில் விஷயத்துல வண்டியோட மேனுவல் சொல்றதுதான். பழைய மேனுவல்ல மில்-எல்-2105 (அமெரிக்க ராணுவ கியர் ஆயில் தரம்) னு வெறுமனே இருந்தா, கடை ஆயில் டப்பாவுல போடுற தரத்துல ஏறக்குறைய ஜிஎல்-4, பின்னாடி பி, சி, டி னு எழுத்து இருந்தா ஜிஎல்-5 தரம். பாரம் இழுக்கிற ஹைபாய்ட் கியருக்கு (பினியன் நடுவை விட்டுத் தள்ளி இருக்கிற, பல் வழுக்கித் தேயுற டைப்) பொதுவா ஜிஎல்-4 பத்தாது, வெண்கல வாஷர், புஷ் இருக்கிற பழைய யூனிட்ல சில ஜிஎல்-5 ஆயிலோட கந்தகம் அதை அரிக்கும், அதனால கடைக்காரர் எடுத்துக் குடுத்தார்னு ஊத்தக்கூடாது.

சிக்ஸ் வீல் டிரைவ்னா மூணு டிஃபரன்ஷியல், மூணையும் தனித்தனியாப் பார்க்கணும், முதல் ஆக்ஸில் நல்லா இருந்ததால மத்ததும் நல்லா இருக்கும்னு கிடையாது. யூனிமாக் 404 மாதிரி போர்ட்டல் ஆக்ஸில் வண்டின்னா ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி கியர் பெட்டி, அதுக்குத் தனி ஆயில். நிறையப் பேர் நடு டிஃபரன்ஷியலை மாத்திட்டு இதை மறந்துடுறாங்க.

சீல் மாத்த சக்கரத்தைக் கழட்டணும்னா முதல்ல வால்வ் உள்ளூசியை எடுத்து காத்தை முழுசா இறக்குங்க. ரிங் போட்ட ரிம், ரெண்டு துண்டா போல்ட் பண்ணின ரிம் எல்லாம் காத்தோட கழட்டினா குண்டு மாதிரி வெடிக்கும். சில வண்டில இடது பக்க நட்டுக்கு மறை தலைகீழா இருக்கும், அது தெரியாம வழக்கமான பக்கமே மல்லுக்கட்டி ஸ்டட்டை ஒடிப்பாங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரஸர் காத்தால தூசியை ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

ஆயில் ஊத்துறப்போ ஃபில் ஓட்டையோட அடி விளிம்பு வரைக்கும்தான், கெட்டி ஆயில் டியூபுக்குள்ள பரவ நேரம் எடுக்கும், கொஞ்சம் பொறுத்து மறுபடி விரலை விட்டுப் பாருங்க. டேப்பர் மறை (நுனி சிறுத்துப் போற) பிளக்னா வெறியோட முறுக்காதீங்க, ஹவுசிங் விரிசல் விடும். ஒரு சின்ன ஓட்டம் ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு ஹப்பையும் டிரம்மையும் புறங்கைய பக்கத்துல கொண்டு போய்ப் பாருங்க, ஒண்ணு மட்டும் மத்ததைவிட ரொம்ப சூடா இருந்தா அந்த டிரம்மைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் ரோட்டுக்கு எடுங்க.