மிசூரியில் வான்கோழி வேட்டை: பெர்மிட் முதலில், துப்பாக்கி பிறகு

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கூட வேலை செய்பவர் யாராவது, "வான்கோழி வேட்டைக்குப் போகிறோம், வருகிறாயா?" என்பார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிந்தைய இந்தியாவில் வேட்டை என்றால் வழக்கு, சிறை என்றே கேட்டு வளர்ந்த நமக்கு, அதற்கு அரசே பெர்மிட் விற்பது விசித்திரமாகத் தோன்றும். தாராளமாகப் போகலாம். ஆனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசை முக்கியம். விசாவில் இருப்பவர்களுக்கு உயிர்நாடியே அதுதான்.

ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நண்பருடைய துப்பாக்கியைப் பயிற்சிக் கூடத்தில் கையில் வாங்கிச் சுட்டாலே குற்றம் ஆகிவிடலாம். தண்டனை 15 ஆண்டு வரை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: அமெரிக்காவில் சட்டப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸோ பெர்மிட்டோ கையில் இருந்தால் தடை இல்லை. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடையே கிடையாது. விசா நிலையையே இழந்தவர்களை எந்த லைசென்ஸும் காப்பாற்றாது. படிப்பு நின்றுபோன ஒரு வெளிநாட்டு மாணவர் ஃபுளோரிடாவில் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதால் எழுந்த வழக்கு, 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வசந்தகால வான்கோழி பெர்மிட் அந்த சீசனோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் துப்பாக்கி அலமாரியில் இருந்தால், விசாக்காரருக்கு அன்றே பிரச்சினை தொடங்குகிறது. சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை செல்லும் சிறுவேட்டை (முயல், அணில் போன்றவை) பெர்மிட்டையும் எடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் ஆண்டு எதுவும் வாங்க வேண்டாம். பெர்மிட் எடுத்த பிறகு நண்பருடையதை இரவல் வாங்குங்கள். வில்லாலும் வேட்டையாடலாம். மத்தியச் சட்டத்தின் கண்ணில் வில் துப்பாக்கி ஆகாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சரி, பெர்மிட் எடுப்பது எப்படி? 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். 16 வயதானவர்கள் முழுப் பாடத்தையும் இணையத்திலேயே முடிக்கலாம், துப்பாக்கியைத் தொடவே வேண்டியதில்லை. பயிற்சிக்கு நேரமில்லையா? பழகுநர் அனுமதி என்று ஒன்று தருகிறார்கள். பெர்மிட் வைத்திருக்கும், பயிற்சி முடித்த பெரியவர் ஒருவருடன் போகலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இது கிடைக்காது.

பெர்மிட்டை மிசூரி இயற்கைவளப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலும் கைபேசிச் செயலியிலும் வாங்கலாம். மாநிலவாசிகளுக்கான கட்டணம் குறைவு. வெளியாருக்குப் பல மடங்கு. யார் மாநிலவாசி என்பதற்கு 30 நாள் குடியிருப்பு உட்படத் தனி விதிகள் உண்டு. கிரீன் கார்டு இல்லாதவர்கள் மலிவான சீட்டை எடுப்பதற்கு முன் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான வகையில் எடுத்த பெர்மிட்டை நம்பித் துப்பாக்கியைத் தொடுவது ஆபத்து. இந்தத் துறைக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பது தனிக்கதை. 1976-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வரியால், மிசூரியில் அரிசி வாங்கினாலும் நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட் அங்கே போகிறது.

சீசன் ஏப்ரல் மூன்றாம் திங்களன்று தொடங்கி மூன்று வாரம் நடக்கும். ஒருவருக்கு இரண்டு பறவை. முதல் வாரத்தில் ஒன்றுதான், ஒரே நாளில் இரண்டும் கூடாது. சேவலை மட்டுமே சுடலாம், அல்லது மார்பில் தாடி தெரிய வேண்டும். தாடி என்பது குதிரைமயிர் போலத் தொங்கும் இறகுக்கற்றை. சில பெட்டைக்கும் அது முளைக்கும். சட்டம் அனுமதித்தாலும் அதை விட்டுவிடுவதே அழகு. வசந்தத்தில் சேவலை மட்டும் எடுக்கச் சொல்வதன் காரணம் எளிது: இணைசேர்க்கை பெரும்பாலும் முடிந்து பெட்டைகள் அடைகாக்கப் போகும் நேரம் அது. சில சேவல் குறைந்தாலும் குஞ்சு குறையாது. மிசூரியில் வான்கோழி அருகிப்போயிருந்த காலம் உண்டு. பிடித்துப் பிடித்துப் புதிய காடுகளில் விட்டு இனத்தை மீட்ட பிறகே, 1960-இல் மூன்று நாள் சீசனோடு வேட்டை மறுபடி தொடங்கியது.

சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பே தொடங்கலாம். அரசு நிலத்தில் பகல் ஒரு மணியோடு நிறுத்திவிட வேண்டும். மார்க் ட்வெய்ன் தேசிய வனம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். மரத்தில் ஊதா வண்ணக் கோடு கண்டால் 'உள்ளே வராதே' என்று பொருள். பலகை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஷாட்கன்னில் நான்காம் எண் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள்), அல்லது அதைவிடச் சிறியது. ரைஃபிள் கூடாது. சோளம் தூவி வரவழைப்பதும் குற்றம்; தூவியதை முழுக்க அள்ளிய பிறகும் பத்து நாளுக்கு அந்த இடம் இரைபோட்ட இடமாகவே கருதப்படும். பெட்டையின் குரலை நீங்கள் எழுப்பலாம், மின்கருவி எழுப்பக் கூடாது. நம் பழைய வேடர்கள் உயிருள்ள மானைக் கட்டிவைத்து மானை வரவழைப்பார்கள், அதற்குப் பார்வை என்று பெயர். இங்கே பிளாஸ்டிக் பார்வைக்கு மட்டும்தான் அனுமதி.

விதியில் இல்லாவிட்டாலும் விதி போலப் பிடிக்க வேண்டியது ஒன்று: சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடலில் எங்கும் தெரியக் கூடாது, கைக்குட்டையில்கூட. சேவலின் தலை நிறம் அது. தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். குரல் கேட்கும் திசையை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே கூப்பிடுவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

பறவை விழுந்தால், இடத்தைவிட்டு நகரும் முன் பெர்மிட்டில் மாதத்தையும் தேதியையும் குறித்துவிட வேண்டும். அன்றிரவு பத்து மணிக்குள் தொலைபேசியிலோ செயலியிலோ துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை தலையையும் இறகையும் களையாதீர்கள், மசாலா எவ்வளவு தயாராக இருந்தாலும் சரி. நண்பர்களுக்குக் கொடுக்கலாம். கறியை விற்க மட்டும் கூடாது.